பேட்டரி ரூமில் நான் அடைத்த ஜன்னல்

கை தொங்கியது

அவலூர்பேட்டை போகிற முதல் பஸ்ஸுக்குப் பேட்டரி மாட்ட வேண்டும். வழக்கம்போல இரண்டு பக்கத்துக் கைப்பிடியையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்ததும் என் வலது மணிக்கட்டு மடங்கிவிட்டது. வலி இல்லை. சுளுக்கும் இல்லை. நிமிர் என்று நான் சொல்கிறேன், கை நிமிர மாட்டேன் என்கிறது. பேட்டரி கீழே விழுந்து பெட்டி பிளந்தது. ஆசிட் தெறித்து முனுசாமி மேஸ்திரியின் வேட்டியில் பொத்தல் பொத்தலாக விழுந்தது.

மேஸ்திரி வேட்டியைப் பார்த்தார். பிறகு நடுங்கிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா தரணி, காலைலயே ஏத்திக்கினு வந்துட்டியா?"

சுற்றி நின்ற டிரைவர், கிளீனர் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. குடித்தவனைப் பிடித்தால் போலீஸ், வழக்கு, ஜெயில். மலையடிவாரத்தில் காய்ச்சுகிற சாராயம் திருட்டுத்தனமாக வரும். அதைக் குடிப்பவர்கள் முகம் வெளுத்துக் கை நடுங்கித் திரிவார்கள். எனக்கும் முகம் வெளுத்திருந்தது, கை நடுங்கியது. அவர் சொன்னது பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு தப்பு என்னவென்றால், நான் அந்த வாடையைக்கூட முகர்ந்ததில்லை. நாங்கள் ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சோறே தொட மாட்டோம், அப்புறம் எங்கே சாராயம்!

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. இப்போது செஞ்சியில் பேட்டரி கடை வைத்திருக்கும் தம்பிகள் சிலர், "பெரியவரே, உங்க காலத்துல நடந்தத எழுதிக் குடுங்க" என்று கேட்டதால் எழுதுகிறேன். கதை கேட்க இவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய் என்றால் மட்டும் கேட்பதில்லை.

ஒதுக்குப்புறத்து ரூம்

நான் செஞ்சியில் ஒரு பஸ் கம்பெனியின் செட்டில், பஸ்களை நிறுத்திப் பழுதுபார்க்கிற இடத்தில், பேட்டரி வேலை பார்த்தேன். மெக்கானிக், டிங்கர், பெயிண்டர் எல்லாரும் பெரிய கொட்டகையில் ஒன்றாக இருப்பார்கள். பேட்டரி ரூம் மட்டும் பின்பக்கம், வேப்பமரத்தைத் தாண்டி, தனியாக இருந்தது. ஆசிட் ஆவி பட்டால் பஸ்ஸின் பெயிண்ட் போய்விடும், ஸ்பேனர் எல்லாம் துருப்பிடித்துவிடும் என்பதால் அப்படிக் கட்டியிருந்தார்கள். பெயிண்டுக்கு ஆகாத காற்று மனிதனுக்கு ஆகுமா என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "இதான்டா உன் ராஜ்ஜியம். இங்க எவனும் எட்டிப் பாக்க மாட்டான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற ஆள் இல்லை நான். ஆனால் எவனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்பது எவ்வளவு உண்மை என்று போகப் போகத்தான் தெரிந்தது. டீ கொண்டு வருகிற ஆள்கூட உள்ளே வராமல் வேப்பமரத்தடிக் கல்லில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார். பல நாள் காலை முதல் சாயங்காலம் வரை நான் பேசியது அவர் குரலுக்குச் சொன்ன ஒரு "சரிப்பா" மட்டும்தான்.

அன்றைய பேட்டரியை இன்றைய பேட்டரி மாதிரி தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்க மாட்டார்கள். மேலே ஊற்றியிருக்கும் தாரை உருக்கி எடுத்து, உள்ளே இருக்கிற பிளேட்டுகளை உருவி, கெட்டுப்போனதைத் தள்ளி, நல்லதை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி அடுக்க வேண்டும். பிளேட்டுகளை ஒன்றாகச் சேர்க்கவும் டெர்மினல் வார்க்கவும் காரீயம் வேண்டும். அடுப்புக்கரியைப் போட்டு, கையால் சுற்றுகிற ஊதுலையை வைத்து, இரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்குவேன். மேலே மிதக்கிற கசண்டைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, வெள்ளிபோல மின்னுகிற ஈயத்தை அச்சில் ஊற்றுவேன். பஸ்கள் டிரிப் முடிந்து வந்த பிறகுதான் எந்தப் பேட்டரி படுத்துவிட்டது என்று தெரியும். அதனால் உருக்குகிற வேலை எப்போதும் சாயங்காலம்தான்.

சட்டிக்கு நேர் எதிரே ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. வயல், அதற்கப்பால் ராஜகிரி மலை. நல்ல காற்று வரும். ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் அந்த ஜன்னல் வழியாக ஈசல் வந்தது. கரி நெருப்பின் வெளிச்சத்தைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக வந்து, உருகிக்கொண்டிருந்த ஈயத்தில் விழுந்தது. ஒவ்வொன்றும் விழும்போது 'சிர்' என்று ஒரு சத்தம். குடிக்கிற தண்ணீரையே துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய உயிரை மறுபடி கிணற்றிலேயே விடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? மறுநாள் காலை பலகையும் கோணிச்சாக்கும் கொண்டுவந்து ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மழை முடிந்தது, பனிக்காலத்து விட்டில் வந்தது. விட்டில் போனது, வயலில் நடவு நட்டார்கள், பச்சைப்பூச்சி வந்தது. ஜன்னல் மூடியபடியே இருந்தது. நெருப்பு வெளியே தெரியக்கூடாது என்று உருக்கும்போது கதவையும் சாத்திக்கொள்வேன்.

மேஸ்திரி ஒருநாள் வந்து பார்த்தார். "இன்னாயா இது, ஜன்னல அடைச்சிட்டு இருட்டுல உக்காந்துகினு இருக்க?"

"பூச்சி உழுது அண்ணே. பாவமா இருக்குது."

"பூச்சிக்குப் பாவம் பாக்குறவன் பேட்டரி வேலைக்கு வந்தானே!" என்று சொல்லிவிட்டு, இருமிக்கொண்டே போய்விட்டார். மறுநாள் ஒரு வெல்லக்கட்டி கொடுத்தனுப்பினார். தூசியில் வேலை செய்கிறவன் வெல்லம் தின்றால் தொண்டையில் இருப்பதை அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் நம்பிய வைத்தியம். தின்றேன். வாயில் ஏற்கெனவே எப்போதும் ஒரு மாதிரி இனிப்பு இருந்துகொண்டேதான் இருந்தது. அது வெல்லத்து இனிப்பு இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே. வேலை முடித்து வீட்டுக்குப் போனால் இருட்டிவிடும். அதனால் மாலைச் சாப்பாட்டையும் தூக்குவாளியில் கொண்டுபோய் அந்த ரூமிலேயே சாப்பிட்டேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து, ராத்திரி சாப்பிட்டார்கள். எங்கள் ஆசாரம் அந்த ரூமில் எனக்கு எதிராகவே வேலை செய்தது.

வீடு காலியானது

பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் நானும் என் மனைவி ராஜமதியும் எங்கள் மகள் சுமதியும் இருந்தோம். சுமதிக்கு அப்போது மூன்று வயசு இருக்கும். அவளுக்குப் பிறகு ராஜமதிக்கு இரண்டு முறை கரு உண்டாகியும் தங்காமல் போய்விட்டது. கண்ணேறு என்றார்கள், நேரம் சரியில்லை என்றார்கள். ராஜமதியின் காதுபடவே, அவள் உடம்புவாகு அப்படி என்றும் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்ப்பாள். சாயங்காலம் நான் கழற்றிப் போடுகிற காக்கிச் சட்டையை வாசலில் நின்று இரண்டு உதறு உதறி, பிறகு தண்ணீரில் போடுவாள். சாம்பல் மாதிரி தூசி பறக்கும். பக்கத்திலேயே சுமதி உட்கார்ந்து மண்ணில் விளையாடும்.

ஜன்னலை அடைத்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு வயிற்றுவலி வந்தது. சாதாரண வலி இல்லை. யாரோ உள்ளே கைவிட்டுக் குடலைப் பிழிவதுபோல் வரும், தரையில் உருளுவேன். மலம் போகாது, சாப்பிட்டதும் வாந்தி வரும். முகம் வெளுத்தது. கோபம் வந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தினேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பது எனக்கே தெரியும், ஆனாலும் கத்தினேன்.

பேட்டரி விழுந்த செய்தி மேஸ்திரி சொன்ன விதத்திலேயே ஊரெல்லாம் பரவி, என் மாமனார் காதுக்குப் போய்விட்டது. அவர் அவலூர்பேட்டைப் பக்கத்து ஊரில் விவசாயி. நியாயமான மனிதர், ஆனால் ஒரே பேச்சுக்காரர். அவர் வந்த நேரமும் அப்படி அமைந்தது. நான் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். ராஜமதி கொடுத்த தண்ணீர் டம்ளர் என் கையிலிருந்து நழுவி உருண்டது. மாமனார் அதையே பார்த்தார்.

"மாப்ள, எத்தினி நாளா இது?"

"எது மாமா?"

"எதுன்னு என்னையே கேக்கறீங்க. நம்ம ஜனத்துல இல்லாத பழக்கம். செஞ்சி பூரா சிரிக்குது."

"நான் தொட்டதே இல்ல மாமா."

"தொடாத கை ஏன் நடுங்குது?"

ஏன் நடுங்குகிறது என்று எனக்கும் தெரியாதே! அந்தக் கோபத்தில் சத்தம் போட்டேன். சுமதி பயந்து அழுதது. மாமனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். ராஜமதி துணிமணியை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள்.

"சத்தியமா இல்லியா?"

ஊர் சொன்னது, மாமனார் சொன்னது எல்லாம் பொறுத்துக்கொண்டேன். அவள் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. "போ" என்றேன். அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். நான் குடிகாரன் இல்லை என்று காட்டி, அவளையும் பிள்ளையையும் திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். செட்டில் கல்லின்மேல் டீ வைப்பதும் நின்றுபோனது. வீட்டில் குரல் இல்லை. இடது கையால் கஞ்சி வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே குடித்துவிட்டு, விளக்குகூட ஏற்றாமல் உட்கார்ந்திருப்பேன். வாய்விட்டு அழுதேன் என்று சொல்ல வெட்கம் இல்லை. கேட்க யாரும் இல்லையே.

பாண்டி பஸ்

செஞ்சியில் எனக்கு மிக்சர் கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர், "இது என் கையில இல்லப்பா, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் பாண்டியில் மதுவிலக்கு கிடையாது. எங்கள் பக்கத்து ஆள் காரணம் சொல்லாமல் பாண்டிக்குப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

எங்கள் கம்பெனி கண்டக்டர் ஏழுமலை திண்டிவனத்தில் என்னைப் பார்த்துவிட்டான். "எங்க தரணி இவ்ளோ தூரம்?"

"பாண்டிக்கு."

"சர்தான்" என்றான். அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும், ஆஸ்பத்திரிக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். வயசில் என்னைவிடச் சின்னவராக இருக்கலாம். கையை நீட்டச் சொன்னார். இடது கை நேராக நின்றது. வலது கை மணிக்கட்டோடு தொங்கியது. குடிப்பீர்களா என்று கேட்பார், இங்கேயும் சத்தியம் பண்ண வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"என்ன வேலை?"

"பேட்டரி வேலைங்க. ஈயம் உருக்குவேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மையால் கோடு போட்டதுபோல நீலக் கறுப்பாக ஒரு வரி ஓடியது. தினமும் பல் விளக்குகிறேன், அதைப் பார்த்ததே இல்லை.

"இது ஈயம். உங்க ஒடம்புக்குள்ள இருக்கு" என்றார்.

"நான் ஈயத்தைத் தின்னலியேம்மா."

"தின்னதும் கொஞ்சம் இருக்கும். அதிகமா மூச்சுலதான் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். தம்பிகளே, இதை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

"ஈயம் நல்லா காய்ஞ்சா அதுலேர்ந்து ஆவி கிளம்பும். மேல வந்ததும் ஆறி, கண்ணுக்குத் தெரியாத பொடியாயிடும். பெரிய தூசின்னா மூக்குலயே நிக்கும், சளியோட வந்துடும். இந்தப் பொடி எங்கயும் நிக்காது. நேரா நுரையீரலோட அடி வரைக்கும் போயிடும். அங்க காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தோல்தான் இருக்கு. அதைத் தாண்டிட்டா, பஸ் புடிச்ச மாதிரி. ரத்தம் எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் இறங்கும். ரத்தம் ஊறுறதைத் தடுக்கும், அதான் வெளுத்துப் போயிட்டீங்க. குடலை இழுத்துப் பிடிக்கும், அதான் வலி. நரம்பைக் கெடுக்கும், அதான் கை தொங்குது, அதான் கோவம் வருது. கிட்னி அதை வெளிய தள்ளப் பாத்துப் பாத்து அதுவும் பழுதாகும். மீதி எலும்புல போய் உக்காந்துக்கும். வருஷக்கணக்கா அங்கயே இருக்கும்."

எத்தனை பஸ்ஸுக்குப் பேட்டரி மாட்டியிருக்கிறேன்! என் உடம்புக்குள்ளேயே ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

"உருக்குற இடத்துல ஜன்னல் கிடையாதா?"

"இருக்குதும்மா. நான்தான் அடைச்சிட்டேன்."

"ஏன்?"

"ஈசல் வந்து உழுது."

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஈசல் பொழைச்சிடுச்சு" என்றார். பிறகு கேட்டார்: "வீட்ல சட்டையை யார் துவைக்கிறாங்க?"

"என் சம்சாரம்."

"உதறுவாங்களா?"

"ஆமாம்மா."

"குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. அதுக்கப்புறம் ரெண்டு தங்கல."

டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "அதுக்குக் காரணம் இதுதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஈயத் தூசி பொம்பளைங்க ஒடம்புல போனா கரு தங்காம போறது உண்டு. சின்னக் குழந்தைக்குப் போனா மூளையைத் தாக்கும். பெரியவங்களைவிடக் குழந்தைங்க ஒடம்பு அதை அதிகமா இழுத்துக்கும். இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

"மாமனார் கூட்டிட்டுப் போயிட்டாரு."

"நல்லதாப் போச்சு. கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்."

வார்டில் படுக்கையில் சேர்த்துப் பாட்டில் ஏற்றினார்கள். ரத்தத்தில் இருக்கிற ஈயத்தைப் பிடித்து மூத்திரத்தில் இறக்குகிற மருந்து என்றார்கள். நான் மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மனைவியைப் பிரித்துக்கொண்டு போனார் என்று இத்தனை நாளும் மாமனாரை மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன். அந்த மனிதர் தெரியாமலேயே அவர்களை என் தூசியிலிருந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். என்னையறியாமல் "மாமா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். எங்கே ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியாமல் ஒன்றுமில்லை என்றேன்.

மாமனார் வந்தார்

ஏழுமலை சும்மா இருப்பானா! தரணி பாண்டிக்குப் போய்க் குடித்துவிட்டு அங்கேயே விழுந்து கிடக்கிறான் என்று சொல்லிவிட்டான். கையும் களவுமாகப் பிடிக்க மாமனார் பஸ் ஏறி வந்துவிட்டார். நேராக ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. பாண்டியில் இருக்கிற சாராயக்கடை வாசலிலெல்லாம் நின்று என்னைத் தேடியிருக்கிறார். பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர், கடை கடையாக எட்டிப் பார்த்து, வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் ஆஸ்பத்திரியிலும் பாருங்கள் என்று யாரோ சொல்லி வார்டுக்கு வந்து சேர்ந்தார்.

பாட்டிலைப் பார்த்தார். தொங்குகிற கையைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் டாக்டரம்மாவைத் தேடிப் போய்விட்டு, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"கட கடையா நின்னு பாத்தேன் மாப்ள. ஒருத்தன் என்னையே உள்ள கூப்டுட்டான்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் அவர்தான் மறுபடி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எல்லை தாண்டியதும் மதுவிலக்குப் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. ஒரு கான்ஸ்டபிள் ஏறி ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக வந்து நின்றார். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டார்.

"ஊது."

ஊதினேன். வாடை இல்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. "இன்னொருவாட்டி ஊது." மறுபடி ஊதினேன்.

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அவரு ஆஸ்பத்திரிலேர்ந்து வராரு."

"பாண்டிலேர்ந்து வர்றவன் எல்லாம் ஆஸ்பத்திரிலேர்ந்துதான் வரான். நீயும் ஊது பெருசு."

மாமனார் என்னைப் பார்த்தார். பஸ்ஸே அவரைப் பார்த்தது. எழுபதை நெருங்கிய மனிதர், வாயைத் திறந்து ஊதினார். கான்ஸ்டபிள் இறங்கிப் போனார்.

திண்டிவனத்தில் செஞ்சி பஸ் மாறிய பிறகு மாமனார் சொன்னார்: "நாளைக்கே ராஜமதிய அனுப்பி வைக்கிறேன்."

நான் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். வெளுத்த முகமும் தொங்கும் கையுமாக ஆள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன். இப்போது அவரே சொல்கிறார்.

"வேணாம் மாமா" என்றேன்.

"கோவமா மாப்ள? நான் கால்ல விழணுமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு இப்ப வேற வேலை கிடையாது. அந்த ரூமுக்குத்தான் திரும்பிப் போகணும். அந்த ஊட்ல சுவரு, தரை, வாசல் எல்லாம் என் சட்டைத் தூசி இருக்குது. ரெண்டு பிள்ள போச்சு மாமா. சுமதி இருக்கட்டும்."

இரண்டு பேரக்குழந்தைகளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குளித்துவிட்டுத்தான் உள்ளே

செட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பலகையைப் பிடுங்கி எறிந்தேன். ஈசல் வருகிற சாயங்காலங்களில் உலை மூட்டவில்லை. "பேட்டரி காலைலதான் கெடைக்கும்" என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "பஸ் நின்னா உன்னாலதான் நின்னுதுன்னு சொல்லுவேன்" என்றார். சொல்லுங்கள் என்றேன். விடிந்ததும் உருக்கினால் விளக்குப் பூச்சி வராது என்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தனியாக ஒரு ரூமில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு யோசனைதான் வரும், அதையே சரி என்று நம்பிக்கொண்டிருப்பான். இன்னொரு ஆள் கூட இருந்தால்தான் மாற்று யோசனை வரும்.

தரையைப் பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளித்தேன். பிளேட்டை உலரத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்தேன். சாப்பாட்டை வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். காக்கிச் சட்டையைச் செட்டிலேயே கழற்றி, நானே அலசிக் காயப்போட்டுவிட்டு வந்தேன். நான் குடிகாரன் இல்லை என்று மாமனார் மேஸ்திரியிடமே வந்து சொன்னார். மேஸ்திரி வேப்பமரத்தடிக்குத் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது வராது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனார் ஊருக்குப் போவேன். ஊருக்கு வெளியே அவருடைய பம்புசெட்டில் தலையோடு குளித்து, அங்கே எனக்கென்று வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவது.

முதல் தடவை போனபோது நான் குளிப்பதற்கு முன்பே சுமதி என்னைப் பார்த்துவிட்டது. வரப்பில் ஓடி வந்தது. "நைனா!"

"கிட்ட வராத!" என்று கத்தினேன். எத்தனை மாசத்துக்குப் பிறகு பார்க்கிற பிள்ளை! மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பயத்தில் குரல் அப்படித்தான் வந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிறகு அது ஓடி வருவதை நிறுத்திவிட்டது.

இரண்டு கரு போனதற்கு என்ன காரணமாக இருக்கலாம் என்பதை ராஜமதியிடம் நானே சொன்னேன். மாமனாரைச் சொல்லவிடவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப என் ஒடம்புல கொற இல்ல" என்றாள்.

"இல்ல."

அதற்கப்புறம்தான் அழுதாள். அத்தனை நாளாக அதை அவள் சுமந்துகொண்டிருந்தது கூடத் தெரியாமல், நான் என் தனிமையைப் பெரிசாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் பஸ் வந்து போகிற நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பர் வேலை காலியாகும்வரை அந்தப் பிரிவு நீடித்தது. வலது கை முக்கால்வாசி திரும்பியது. எழுத வரும், பாரம் தூக்க வராது. கிட்னியில் கோளாறு இன்றுவரை இருக்கிறது. எலும்பில் எவ்வளவு இருக்கிறதோ, அது என்னோடுதான் போகும். தம்பிகளே, உங்களுக்கு மிஷின் வந்துவிட்டது, ஃபேன் வந்துவிட்டது, ஆனால் மூச்சு அதே மூச்சுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தரையை நனைத்துப் பெருக்குங்கள். சட்டையைக் கடையில் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். எப்பேர்ப்பட்ட நல்ல எண்ணத்தில் காற்றை அடைத்தாலும் நுரையீரலுக்கு அந்த எண்ணம் தெரியாது.

டைம் கீப்பர் ஆனதும் வேறு தெருவில் வேறு வீடு பார்த்தேன். மாமனார் நாள் பார்த்து அவர்களை அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவலூர்பேட்டை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பஸ் வந்தது. ராஜமதி இறங்கினாள். பின்னால் சுமதி இறங்கியது, என்னைப் பார்த்தது, நாலடி தள்ளியே நின்றுகொண்டது.

நான் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். அது வரவில்லை.

"குளிச்சிட்டியா நைனா?" என்று அங்கிருந்தே கேட்டது.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "குளிச்சிட்டேன் கண்ணு" என்றேன். அப்போதும் அது நம்பவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தது. ராஜமதி தலையை ஆட்டிய பிறகுதான் என்னிடம் வந்தது.